எங்கள் கார் மீட்டருக்கு வேர்த்தது

அரியலூரில் தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சுண்ணாம்புக்கல் பூமி. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அப்படிப்பட்ட ஊரில் யாரும் கேட்காமலேயே தண்ணீர் ஊறிய ஒரே இடம் எங்கள் காரின் மீட்டர். வேகம் காட்டும் வட்டக் கண்ணாடியின் உட்புறத்தில் முத்து முத்தாக வேர்த்து நிற்கும். வெளியே துடைத்தால் போகாது, ஈரம் உள்ளே. உள்ளே துடைக்க விரல் நுழையாது. முள் இருபதில் நிற்கிறதா எண்பதில் நிற்கிறதா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். இந்த வேர்வையால் எனக்குக் கிடைத்த அரசாங்க வேலை கையை விட்டுப் போகப் பார்த்தது. சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். வாலிபத்திலிருந்தே அவருக்குக் கார் ஆசை. சைக்கிளில் போகும்போதுகூட வளைவு வந்தால் ஸ்டியரிங் பிடிப்பதுபோல்தான் ஹேண்டில்பாரைத் திருப்புவார். ஏலாக்குறிச்சிப் பக்கத்தில், எங்கள் சொந்த ஊருக்கு அருகே, ஒரு பங்குச் சாமியார் தன் பழைய காரை விற்றுவிட்டு ஜீப் வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், பத்தாம் வகுப்புப் பரிட்சைத் தாளைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். மாலையில் கறுப்புக் காரோடு வந்தார். அது ஓடி வந்ததா தள்ளி வந்ததா என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு.

அம்மாவைப் பொறுத்தவரை அது சாமியார் கைப்பட்ட வண்டி, ஆகவே பாதிக் கோவில். டேஷ்போர்டில், மீட்டருக்கு நேர் மேலே, ஒரு சாண் உயர மாதா சுரூபம் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புமுன் ஏலாக்குறிச்சி மாதா கோவிலிலிருந்து பாட்டிலில் பிடித்து வந்த தீர்த்தத்தை அம்மா சுரூபத்தின் மேல் தெளிப்பாள். தெளிப்பது என்றால் விரல் நுனியால் நாசூக்காகத் தெளிப்பது அல்ல. நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுகிற குடும்பத்தில் பிறந்தவள். அந்தக் கைதான் தெளித்தது. மாதா குளித்து, டேஷ்போர்டு குளித்து, மிச்சமெல்லாம் தேய்ந்துபோன வளையத்தின் இடுக்கு வழியாக மீட்டருக்குள் இறங்கும். மழைக்காலத்தில் முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரும் தன் பங்குக்கு ஒழுகும்.

"தீர்த்தம் எப்புடிடீ கெடுக்கும்? கெட்டத விரட்டத்தான அது?" என்பாள் அம்மா.

அம்மாவுக்கு வேகம் என்றால் பயம். முன் சீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டைப் பார்க்க மாட்டாள், முள்ளைத்தான் பார்ப்பாள். "முப்பதுக்கு மேல போச்சுன்னா நான் எறங்கிடுவேன்" என்பது அவள் சட்டம். ஒருமுறை முப்பத்திரண்டில் போனபோது கதவில் கை வைத்தேவிட்டாள். அன்றிலிருந்து அப்பா முப்பதிலேயே போனார். எங்களை மாட்டுவண்டிகள் முந்தவில்லை என்று சத்தியம் செய்யலாம். சைக்கிள்களைப் பற்றிச் சத்தியம் செய்ய மாட்டேன்.

மீட்டருக்கு வேர்க்கத் தொடங்கியதும் முதலில் கலவரப்பட்டவள் அம்மாதான். முள் தெரியாமல் எதைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பது? அப்பாவை நச்சரித்தாள். அப்பாவுக்கோ இது பாடம் நடத்தக் கிடைத்த வாய்ப்பு. பித்தளை டம்ளரில் பானைத் தண்ணீரை ஊற்றி டேபிளில் வைத்தார். டம்ளருக்கு வெளியே ஈரம் பூத்ததைக் காட்டி, காற்றில் இருக்கிற நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டுத் திரவமாவது எப்படி என்று அரைமணி நேரம் பேசினார். அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரிங்க, மீட்டர எப்பப் பாப்பீங்க?" என்றாள்.

பார்த்தார். அதுதான் தப்பாகப் போனது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும் என்பது வெற்றிலை போடுகிறவர்களுக்கே தெரிந்த சங்கதி. அதுவும் எங்கள் ஊரில் சுண்ணாம்பு சுடுகிற காளவாய்க்குக் குறைவா? அப்பா போய், அன்று சுட்டெடுத்த கல்லாகப் பார்த்து நாலைந்து துண்டு வாங்கி வந்தார். கைக்குட்டையைக் கிழித்து அதில் முடிந்தார். மீட்டரின் பின்பக்கத்தைக் கழற்றி, பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுகிற கவனத்தோடு உள்ளே திணித்து மூடினார். மறுநாள் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. முள், எண், ஓரத்தில் செத்துக்கிடந்த எறும்பு எல்லாம் தெரிந்தன. அப்பா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "சைன்ஸுங்க" என்றார். அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. சொந்த ஊருக்குப் போய் முன்னோர் கல்லறைகளுக்கு மாலை போட்டு மெழுகுதிரி ஏற்ற வேண்டும். செத்தவர்கள் விஷயம் ஆயிற்றே என்று அம்மா அன்று தீர்த்தத்தை இரண்டு பங்காகத் தெளித்தாள். மழையும் தூறியது. ஊர் எல்லை தாண்டும்போது டேஷ்போர்டுக்குள் 'உஸ்' என்று சத்தம் கேட்டது. சுட்ட சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அப்பா ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடம் எடுத்தவர். இட்லிக் கொப்பரை மாதிரி மீட்டரின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. கல் பூத்து உப்பியது. கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டி நிற்கவும், கண்ணாடி 'டப்' என்று விரியவும் சரியாக இருந்தது. மாதாவின் காலடியிலிருந்து வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு ஒன்று வடிந்தது.

"சேசுவே, மாதா பாலா வடியிறா" என்றாள் அம்மா.

அவள் மெதுவாகச் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. கல்லறைத் தோட்டத்தில் அன்று ஊரே நின்றது. முதலில் இரண்டு கிழவிகள் வந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தன் புருஷன் கல்லறைக்கு வைத்திருந்த மெழுகுதிரியை எங்கள் பானெட்டின் மேல் ஏற்றி வைத்தாள். யாரோ ஜெபமாலை தொடங்க, கூட்டம் முழங்கால் போட்டது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தார். இறங்கி உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை, பொய்யில் பங்கெடுக்கவும் மனசில்லை. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்தார். வடிந்ததை விரலில் தொட்டார், முகர்ந்தார், அப்பாவைப் பார்த்தார்.

"வாத்தியாரே, வெத்தல பாக்கும் இருந்தா எடுங்க" என்றார்.

அதன் பிறகு பல மாதங்களுக்கு அப்பாவைச் சொந்த ஊரில் யாரும் சார் என்று கூப்பிடவில்லை.

உடைந்த கண்ணாடிக்கு மாற்று, பெரம்பலூரில் லாரி வைத்திருந்த மாமாவின் மூலம் கிடைத்தது. மாமா அம்மாவின் தம்பி. போட்டோவுக்குச் சட்டம் போடுகிற கடையில் வட்டமாக ஒரு கண்ணாடி வெட்டி வாங்கி அனுப்பினார். இந்த மாமாதான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பி.எட். முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, அழைப்பு வருமா வருமா என்று நான் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த காலம். கோடை விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, வற்றிய ஏரிக்குள் யாரிடமோ இரவல் வாங்கிய காரை இறக்கி, "மோதுறதுக்கு ஒண்ணுமில்ல மருமவளே, தைரியமா மிதி" என்றார். மிதித்தேன். ஏரிக்குள் மோதுவதற்கு ஒரே ஒரு கருவேலமரம் இருந்தது, அதையும் கண்டுபிடித்தேன். ஆனாலும் அடுத்த கோடையில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் என்னை இரண்டு தரம் எட்டுப் போடச் சொல்லிவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் இது எதுக்கும்மா?" என்று கேட்டார். "அதுக்கு முன்னாடி ஓட்டுறதுக்கு சார்" என்றேன்.

லைசென்ஸைப் பார்த்து அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் எல்லா வாத்தியார்களிடமும் காட்டினார். சாவியை மட்டும் தரவில்லை.

புதுக் கண்ணாடி போட்டும் மீட்டருக்கு வேர்த்தது. அம்மாவின் தீர்த்தமும் நிற்கவில்லை, முன்கண்ணாடி ஒழுகலும் நிற்கவில்லை. ஆனால் இந்த முறை அப்பா பதறவில்லை. ஏன் என்று பின் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். ஜெயங்கொண்டம் ரோட்டில் பனைமரங்கள் சர் சர்ரென்று பின்னால் ஓடின.

"ஏங்க, காத்து மூஞ்சில அறையுது. எவ்ளோல போறீங்க?" என்பாள் அம்மா.

அப்பா குனிந்து, வேர்த்த கண்ணாடியைக் கவனமாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "முப்பதுதான். எதிர்க்காத்து" என்பார். எதிர்க்காற்றாம். தூரத்துக் காளவாயின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முப்பதில் போய்ப் போய் எனக்கும் சலித்திருந்தது.

மார்கழியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. விக்கிரமங்கலத்துக்கும் அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அதற்குக் காலையில் இரண்டு பஸ். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் கோழிக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும், அதுவும் பாதி நாள் வராது. இரண்டாவது பஸ் போய்ச் சேரும்போது இரண்டாம் பீரியட் முடிந்திருக்கும். அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறேன் என்றேன். "கல்யாணம் ஆவாத பொண்ணு தனியாவா?" என்று அம்மா அந்தப் பேச்சை அங்கேயே புதைத்தாள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். நான் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்து, 'இன்னும் ஒண்ணும் அமையலியா' என்ற கேள்விக்குச் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்துப்போயிருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். பசித்தவனுக்குச் சோறு வேண்டுகிற மாதிரி வேண்டும்.

வீட்டில் கார் இருந்தது. அப்பா பள்ளிக்குச் சைக்கிளில்தான் போவார். திங்கள் முதல் வெள்ளி வரை கார் தகரக் கொட்டகையில் கோழிக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது.

"நான் கார்ல போறேன்ப்பா" என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "போலாம் பாப்பா. ஆனா மீட்டரு தெரியலியே. ஸ்பீடு தெரியாம வண்டி ஓட்டக் கூடாது. மீட்டரு தெளியட்டும், சாவியத் தரேன்."

"நீங்க எப்படி ஓட்டுறீங்க?"

"எனக்கு அனுபவம் இருக்கு."

"அவரு சொல்றது சரிதான்" என்றாள் அம்மா. "முள்ளு தெரியாம நீ எப்புடி முப்பதுல போவ?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். மீட்டர் தெளிந்தால் சாவி. சரி, தெளிய வைக்கிறேன் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

மீட்டரைக் கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பின்னால் வருகிற கேபிளைத் திருகி எடுத்து, இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். முன் வளையத்தைச் சாப்பிடுகிற ஸ்பூனால் நெம்பித் திறந்தேன். உள்ளே அப்பாவின் சுண்ணாம்பு இன்னும் ஒரு மூலையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தேன். பஞ்சால் துடைத்து, முறத்தில் வைத்து, மொட்டைமாடியில் மார்கழி வெயிலில் காயப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, வடகமா என்று கேட்டார்கள். அப்பாவின் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து மூடினேன். முன்கண்ணாடி ஒழுகுகிற இடத்தில், ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற பட்டி மாவை வாங்கி வந்து அப்பினேன்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் அம்மாவைச் சமாளிப்பது.

"தீர்த்தத்த இனிமே டயர்ல தெளிம்மா. டயர்தான ஓடுது?"

"டயருக்கு வைக்க அது என்ன எலுமிச்சம்பழமாடீ? தீர்த்தம்டீ."

"அப்ப பானெட்டு மேல."

பேரம் படியக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில், என் வேலை நிலைக்கும் வரை பானெட்டின் மேல் மட்டும் என்று ஒத்துக்கொண்டாள். சுரூபத்தை நான் மீட்டரிலிருந்து தள்ளி, எதிர் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். அன்று மாலை கண்ணாடி அப்படி ஒரு சுத்தம். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார், "பரவால்லியே" என்றார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது பார்த்தால் மறுபடி வேர்த்திருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ராத்திரியோட ராத்திரியா தெளிச்சியா?" என்று அம்மாவிடம் எகிறினேன். அவள் மாதா மேல் ஆணையாக இல்லை என்றாள். மாதா மேல் அவள் பொய்யாணை இட மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் நம்பவில்லை. மறுபடி கழற்றினேன், காய வைத்தேன், மூடினேன். பொங்கல் வந்தது, கரும்பு தின்றோம், பொங்கல் முடிந்தது. பள்ளி திறக்க ஒரு நாள் இருந்தபோது பார்த்தால், மறுபடி. இந்த முறை லேசாக அல்ல. கண்ணாடிக்கு அடியில் துளி துளியாகத் திரண்டு நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. குனிந்து கண்ணாடியைப் பார்த்தவள் திடீரென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ரத்தம்."

நானும் பார்த்தேன். துளிகள் வெள்ளையாக இல்லை. லேசான இளஞ்சிவப்பு.

மாதா பாலாக வடிந்தது போதும், இப்போது ரத்தமா என்று எரிச்சலோடு மூக்கு இடிக்கும்வரை குனிந்தேன். வளையத்தின் ஓரத்தில் நான் நெம்பாத இடத்தில் புதுசாக ஒரு நெம்பல். எங்கள் வீட்டில் சிவப்பு மை ஒருவரிடம்தான் உண்டு. நேராக அவர் மேசைக்குப் போனேன். திருத்திய அரைப்பரிட்சைத் தாள்கள், சிவப்பு மைப்புட்டி, அதன் பக்கத்தில் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லர். ஃபில்லரை அழுத்தினேன். என் உள்ளங்கையில் சொட்டியது தண்ணீர். இளஞ்சிவப்புத் தண்ணீர்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

அப்பா ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஃபில்லரை அவர் முன்னால் நீட்டினேன். பேப்பர் கொஞ்சம் இறங்கியது, பிறகு மறுபடி ஏறியது.

"ஒளிஞ்சுக்காதீங்கப்பா."

பேப்பர் மடிந்தது. முதலில் புரிந்துகொண்டவள் அம்மா. ஆனால் அவள் புரிந்துகொண்டது வேறு. "அப்ப அந்த எதிர்க்காத்து?" என்றாள்.

அப்பா மடித்த பேப்பரை இன்னொரு தரம் மடித்தார்.

"எவ்ளோல போனீங்க?"

"அம்பத்தஞ்சு" என்றார் அப்பா, தலையைக் குனிந்தபடி. "ஒரு தடவ அறுவது."

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டட்டும் என்று நான் நின்றேன். என் பங்கு பாக்கி இருந்தது.

"அது அவங்க சண்ட. எனக்கு என்ன பதில்? நாளைக்கு நான் சேரணும். மீட்டரு தெளிஞ்சா தரேன்னு சொல்லிட்டு நீங்களே தண்ணி ஊத்துவீங்களா? பெத்த பொண்ணு வேலைக்குப் போவக் கூடாதுன்னு எந்த அப்பனாவது ஃபில்லர எடுப்பானா?" வாய் தவறிவிட்டது. அப்பன் என்ற சொல்லை அதுவரை அவர் முன்னால் நான் சொன்னதில்லை.

"வேலைக்குப் போவக் கூடாதுன்னு இல்ல பாப்பா" என்றார். நான் எதிர்பார்த்த கோபம் குரலில் இல்லை. "பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் சொல்றதக் கேக்கணும். வூட்டுல ஒங்கம்மா சொல்றதக் கேக்கணும். இத்தன வருஷத்துல அந்த ஒரு சீட்டுல ஒக்காந்தாத்தான் நான் சொல்றது நடந்துச்சு. திருப்புன பக்கம் திரும்புச்சு. நீ எடுத்துட்டுப் போனா அது ஒன் வண்டியாயிடும். நாளைக்கு ஊர்ல வாத்தியாரு பொண்ணு கார்னுதான் சொல்லுவான். எனக்கு அது..." என்று நிறுத்தி, "பொறாமதான், வேறென்ன" என்றார்.

திட்டுவதற்கு ஒரு மூட்டை வைத்திருந்தேன். அவிழ்க்க மனசு வரவில்லை. பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது. ஃபில்லரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் நான் குளித்து, பருத்திப் புடவை கட்டி, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், கார் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. அப்பா டிரைவர் சீட்டில். தும்பைப்பூவாக வெள்ளைச் சட்டை, பையில் பேனா.

"மொத நாளு. பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டேன். நான் கொண்டு போயி விடுறேன். அப்பறம் பாத்துக்கலாம்."

நான் பல்லைக் கடித்தேன். வாயைத் திறக்குமுன் அம்மா படியிறங்கி வந்தாள். காருக்கு முன்னால், பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். வேகத்துக்குப் பயந்த அம்மா, ஓடுகிற எஞ்சினுக்கு எதிரே நின்றாள்.

"அவ ஓட்டலைன்னா இந்த வண்டி நவுராது" என்றாள். "மீட்டரு தெரியலைன்னாலும் பரவால்ல. முப்பதோ அறுவதோ, அவ போவட்டும்."

அப்பா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஆனால் இறங்கவில்லை. அந்தக் காரில் முன் சீட்டு ஒரே பலகையாக நீளமாக இருக்கும். அதில் அப்படியே இடது பக்கமாக நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நான் ஏறினேன். சீட்டில் அவர் உட்கார்ந்திருந்த சூடு இருந்தது.

வழியெல்லாம் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. "கியர மாத்து", "மாடு வருது", "ஹாரன் அடி". "மாடு எனக்கும் தெரியுதுப்பா" என்று ஒருமுறை கத்தினேன். ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்காரர் குனிந்து என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வேண்டுமென்றே ஒதுங்காமல் மிரட்டிக்கொண்டு வந்தது. நான் இடதுபுறம் மண்ணில் இறக்கி, ஏற்றி, கடந்து போனேன். அதன் பிறகு அப்பாவிடமிருந்து பேச்சு இல்லை. விக்கிரமங்கலத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மரியாதைக்காக அல்ல. எவ்வளவு வேகத்தில் போனேன் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி முழுக்க இளஞ்சிவப்பாக வேர்த்திருந்தது.

பள்ளி ஓட்டுக்கட்டிடம். பிள்ளைகள் காரின் பின்னால் ஓடி வந்து, நின்றதும் நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள். மெலிந்த ஹெட்மாஸ்டர் ஒருவர் என்னை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்துப் பதிவேட்டைத் திறந்தார். அப்பா இறங்கி வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் பேனாவைத் திறக்கும்போது ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. பள்ளி வாட்ச்மேன்.

"டிரைவரே, வண்டிய அந்தாண்ட வேலியோரமா விடுங்க. புள்ளைங்க வெளாடுற எடம் இது."

அரியலூரே சார் என்று கூப்பிடுகிற மனுஷனை டிரைவரே என்கிறான். அவர் மாணவனின் காதைத் திருகுகிற வேகத்தில் திரும்பப் போகிறார், முதல் நாளே என் மானம் போகப் போகிறது என்று பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நான் டிரைவர் இல்லீங்க" என்றார். "டிரைவரு உள்ள கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காங்க. வந்து எடுப்பாங்க."

"அப்ப நீங்க யாரு?"

"கூட வந்தவன்" என்றார் அப்பா. கதவைத் திறந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"தேதி போடுங்கம்மா" என்றார் ஹெட்மாஸ்டர், இரண்டாவது தடவையாக.